சொந்தமில்லாத கொப்பரை

அக்கோர்சோ உலகத்தைத் துறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. துறக்காமல் விட்டது ஒரே ஒரு கொப்பரையைத்தான். இதை யாராவது அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அசிசிப் புனிதரின் சபையில் சேர்ந்தவனுக்குச் சொந்தம் என்று ஒன்று உண்டா? காசைக் கையால் தொடமாட்டார்கள். நிலம் கிடையாது, வீடு கிடையாது. உடுத்தியிருக்கிற சாம்பல் நிற அங்கிகூட அவர்களுடையது கிடையாது. எல்லாம் ரோமாபுரித் திருச்சபையின் சொத்து, இவர்கள் வெறுமனே உபயோகித்துக்கொள்கிறவர்கள். சட்டம் அப்படித்தான் சொன்னது. அக்கோர்சோ சட்டத்தை நம்பினார், நிம்மதியாகச் சமைத்தார்.

காஸ்தெல்ஸ்பினா ஊருக்கு மேலே, குன்றின் தோளில் இருந்தது அவர்கள் மடம். மொத்தம் ஐந்து பேர். அந்தக் கொப்பரையோ அறுபது பேருக்குக் கூழ் காய்ச்சக் கூடியது. உள்ளே ஈயம் பூசிய செம்பு, இரும்புக் கைப்பிடி, விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி ஒரு ஓசை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பீலியா என்ற விதவை சாகும்போது எழுதிவைத்துவிட்டுப் போனது. உயிலில் வழக்கமான வாசகம்தான்: ரோமாபுரித் திருச்சபைக்குச் சொந்தமாக, சகோதரர்களின் உபயோகத்துக்கு. அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க மடத்து வாசலில் மதியம் கூழ். மொச்சை, வெங்காயம், பார்லி, முட்டைக்கோஸ், கிடைத்தால் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு. ஊரில் பிச்சையெடுத்து வந்ததை ஊரில் ஒன்றும் இல்லாதவர்களுக்கே திருப்பி ஊற்றுவது, அவ்வளவுதான் கணக்கு.

கொப்பரையில் ஒரு நசுங்கல் இருந்தது. செருப்புத் தைப்பவர்களின் சங்கத்தார் ஒரு திருவிழாவுக்கு இரவல் வாங்கிப் போய், திரும்பக் கொண்டுவரும்போது கல்லில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அக்கோர்சோ சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் இரவல் இல்லை. தேய்க்க இன்னொருவரை விடமாட்டார். அடுப்புக்கு மேல் சங்கிலியில் மாட்டும்போது நசுங்கல் சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி மாட்டுவார். வேறு யாராவது மாட்டியிருந்தால், போகிற போக்கில் ஒரு கை நீட்டி அதைத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. தன் கை அப்படிச் செய்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் பிப்ரவரியில் பனி இளகுமுன், அந்நாளில் போப்பாண்டவர் குடியிருந்த அவிஞ்ஞோனிலிருந்து அவருடைய கடிதம் வந்தது. மடத்தின் தலைவர் தத்தேயோ மெலிந்த, சாந்தமான மனிதர். சாப்பாட்டு மேசையில் நிதானமாக அதை வாசித்துப் பொருள் சொன்னார். கோயிலும் மடமும் பூசைப் பாத்திரங்களும் மட்டுமே இனித் திருச்சபையுடையவை. மற்றபடி உங்கள் தானியம், எண்ணெய், சட்டி பானை எதையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள். தின்று தீர்க்கிற பண்டத்தில் உபயோகம் வேறு, சொந்தம் வேறு என்று பிரிப்பது எப்படி? பாலாடைக்கட்டியைத் தின்றவன் அதற்குச் சொந்தக்காரன் இல்லையென்றால் வேறு எவன்தான் சொந்தக்காரன்? கடிதத்தின் சாரம் இதுதான்.

எல்லாரும் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவரான ருஸ்திகோதான் முதலில் வாயைத் திறந்தார். முழங்காலுக்கு மேலேறிய கந்தல் அங்கியைத் தவிர வேறெதையும் போடாதவர், ஒரு வாரத்து மொச்சையைச் சேர்த்துவைப்பதே பாவம் என்று நினைக்கிறவர். இனித்தான் நாம் நிஜமான ஏழைகள், களஞ்சியத்தைக் காலி செய்து கதவைக் கழற்றுங்கள் என்றார். இன்னொருவர், போப்பாண்டவர் சொல்லிவிட்டால் நாம் சொத்துக்காரர்கள்தான், ஒப்புக்கொண்டு போவோம் என்றார். ஒருவர் இயேசுவின் சீடர்கள் பணப்பை வைத்திருந்ததைச் சொன்னார். இன்னொருவர் அந்தப் பையை வைத்திருந்தவன்தான் அவரைக் காட்டிக்கொடுத்தான் என்று ஞாபகப்படுத்தினார். கூழ் ஆறி ஆடை கட்டியது. உலகத்துப் படித்தவர்கள் எல்லாரும் அந்த வருஷம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், யாருடைய கூழும் சூடாக இருந்திருக்காது.

"அப்போ நம்ம கொப்பரை யாரோடது?" என்று அக்கோர்சோ கேட்டார்.

தமாஷ் என்று எண்ணி எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தத்தேயோ மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த சந்தை நாளிலேயே பதில் மலையேறி வந்தது. பீலியாவின் தம்பி மகன் வன்னுச்சோ, கோவேறு கழுதைகள் ஓட்டி ஃபொலிஞ்ஞோச் சந்தைக்குக் கம்பளி கொண்டுபோகிறவன், பத்திரம் எழுதும் மன்னோவைக் கூட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றான். போப்பாண்டவர் வேண்டாமென்று சொன்ன பொருளுக்கு அடுத்த வாரிசு தான் என்பது அவன் வழக்கு. அடுப்பில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. வெளிவாசலில் அறுபது பேர் கிண்ணங்களோடு குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

மன்னோ கெட்டவன் இல்லை. ஊர் இரண்டுபட்டால்தான் அவனுக்குப் பிழைப்பு, ஆனாலும் பனிக்காலத்தில் கூழுக்கு உலை வைப்பதை நிறுத்துகிற பாவம் தன்மேல் வேண்டாம் என்று நினைத்தான். ஆகவே அக்கோர்சோவைத் தனியே இழுத்துக் குரலைத் தாழ்த்தினான். "பன்னெண்டு வருஷமா இங்கதான் கெடக்கு, சாமி. மடத்துக்குச் சொந்தம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதி முத்திரை போட்டுடறேன். அப்புறம் அவன் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது."

ஒரு வார்த்தை. அக்கோர்சோவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லாவிட்டால் மிஞ்சுவது ஐந்து பேருக்கான இரண்டு சின்னச் சட்டிகள். சொன்னால் முப்பது வருஷ விரதம் அந்தத் தாளோடு முடிந்தது. அவர் தத்தேயோவைப் பார்த்தார். தலைவர் ஒரு உத்தரவு போட்டுவிட்டால் எவ்வளவு சௌகரியம்.

"சமையல்கட்டு உங்க பொறுப்பு, அக்கோர்சோ," என்றார் தத்தேயோ. "வாசல்ல நிக்கிறவங்களும் உங்க பொறுப்புதான். நீங்க எதைச் சொன்னாலும் நான் குறை சொல்ல மாட்டேன்."

வன்னுச்சோவுக்கு இந்த ரகசியப் பேச்சு பிடிக்கவில்லை. முன்னால் வந்தான். கோபமாகப் பேசியிருந்தால் அக்கோர்சோவும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பார். அவனோ அமைதியாகக் கேட்டான்.

"ஒரே ஒரு கேள்வி, சாமி. போன செப்டம்பர்ல எம்பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு நாள் இந்தக் கொப்பரையைக் குடுங்கன்னு வந்து நின்னேன். என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன்."

"முடியாதுன்னு யார் சொல்லலாம்? பொருளுக்குச் சொந்தக்காரன் சொல்லலாம். நீங்க சொந்தக்காரர்னா உங்க விரதம் பொய். சொந்தக்காரர் இல்லைன்னா அந்த 'முடியாது' பொய். ரெண்டுல எது பொய்னு சொல்லிடுங்க, நான் கேட்டுக்கிட்டுப் போயிடறேன். எங்க அத்தை வீட்டுக் கொப்பரை! ரெண்டு ஊர்ச் சம்பந்திக்காரங்க முன்னால எம்பொண்டாட்டி எட்டு வீட்டுச் சட்டியை இரவல் வாங்கி அடுக்கிவெச்சு ஆக்கினா."

அக்கோர்சோவுக்கு அந்தச் செப்டம்பர் நாள் அப்படியே கண்முன் வந்தது. வன்னுச்சோ ஒரு மணி நேரம் கெஞ்சியிருந்தான். இவர் மொச்சை உரித்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நசுக்கிவிடுவீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போது அது பொருளைக் காக்கிற கடமையாகத் தெரிந்தது. இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. அவிஞ்ஞோனில் இத்தனை பண்டிதர்கள் கூடி அலசியும் அவருக்கு விளங்காத ஒன்றைக் கழுதையோட்டி ஒருவன் இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டான்.

இன்றைய கூழை ஊற்றி முடிக்கிறேன், அதுவரை பொறுங்கள் என்று மட்டும் சொன்னார். வன்னுச்சோ பொறுத்தான். அகப்பை அகப்பையாக ஊற்றும்போது ஒவ்வொரு கிண்ணமும் 'சொல்லிவிடு' என்று கேட்பதுபோல் இருந்தது. கடைசிக் கிண்ணம் வரை அவர் தீர்மானிக்கவில்லை. பிறகு கொப்பரையை இறக்கி, சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தார். வழக்கத்தைவிட நேரமெடுத்துத் தேய்த்தார். நசுங்கலின் உள்பக்கம் விரல் விட்டுத் துடைத்தார். முற்றத்துக்குக் கொண்டுவந்து வன்னுச்சோ முன்னால் வைத்தார்.

"அந்த 'முடியாது'தான் பொய்," என்றார். "மன்னிச்சுடுங்க, தம்பி."

கொப்பரை கழுதைமேல் ஏறிக் குன்றிறங்கியது. திருப்பங்களில் கல்லில் இடித்து ஒலித்துக்கொண்டே போனது. ருஸ்திகோ வந்து தோளைத் தட்டி, இன்றைக்குத்தான் நீ துறவியானாய் என்று வாழ்த்தினார். அவரை அந்த மொச்சைக் குவியலுக்குள் அமுக்கிவிடலாம்போல் இருந்தது அக்கோர்சோவுக்கு. அறுபது பேருக்காகத்தான் துக்கம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த ஓசை இனி இல்லையே என்பதற்காக.

மறுநாள் காலை பூசை முடிந்ததும் அவர் பிச்சைப் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினார். அது அவர்கள் அன்றாடம் செய்வதுதான். கதவைத் தட்டி, கடவுளின் அன்புக்காக என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். கொடுத்தால் வாங்கலாம், கொடுக்காவிட்டால் போய்விட வேண்டும். அன்று அவர் முதலில் தட்டியது வன்னுச்சோவின் கதவை. அவன் மனைவி நூத்தா மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிணற்றடியில் நின்ற பெண்கள் வாளியைக் கீழே வைத்தார்கள்.

"கடவுளோட அன்புக்காக," என்றார் அக்கோர்சோ.

வன்னுச்சோ அரை ரொட்டியை நீட்டினான்.

"ரொட்டி வேண்டாம், தம்பி. அந்தக் கொப்பரையைச் சாயங்காலம் வரைக்கும் குடுங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள கழுவிக் கொண்டாந்துடறேன்."

வன்னுச்சோ அவரை ஏற இறங்கப் பார்த்தான். குத்திக்காட்டுகிறாரோ என்று சந்தேகம். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. "நான் முடியாதுன்னு சொல்லலாம்," என்றான்.

"சொல்லலாம். உங்களோடதுதானே."

கிணற்றடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொப்பரை முற்றத்து மூலையில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளபடி அது அந்த வீட்டு அடுப்பில் ஏறவில்லை. முந்திய இரவு நூத்தா அளந்து பார்த்து, உங்கள் வீறாப்புக்கு இதில் கோழி அடைகாக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். வன்னுச்சோ கையை அசைத்தான். எடுத்துக்கொண்டு போங்கள் என்று அர்த்தம்.

ஐம்பத்திரண்டு வயதில் கொப்பரையை முதுகில் கவிழ்த்துக்கொண்டு அக்கோர்சோ மலையேறினார். கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு ஆமை ஒன்று மடத்துக்குப் போவதாகத் தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தொட்டுத் தடவிய பாத்திரத்துக்கு இவ்வளவு கனம் உண்டென்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சமைத்தார், ஊற்றினார், தேய்த்தார், சாயங்காலம் இறக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

தவக்காலம் பிறந்தது. மூன்று வாரத்தில் அக்கோர்சோவின் முதுகில் கைப்பிடி அழுத்திய இடம் காய்த்துப்போயிற்று. வன்னுச்சோவின் நிலைமை அதைவிட மோசம். விடியுமுன் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் வாங்கிவைக்க வீட்டில் இருக்க வேண்டும். நூத்தா அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்றுவிட்டாள், கூத்தடித்தது நீங்கள், கதவும் நீங்களே திறங்கள் என்று. இதனால் இரண்டு தடவை ஃபொலிஞ்ஞோச் சந்தை தவறியது. ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்து, கொப்பரை நலமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். புலி வாலைப் பிடித்தவன் கதைதான். அவனுக்கு வேண்டியிருந்தது கல்யாணத்துக்கான ஒரு நாள் மட்டும், கிடைத்ததோ ஆயுளுக்கும்.

நான்காம் வாரம், ஒரு மழைக்காலையில், அவன் கதவைத் திறந்ததுமே சொன்னான். "போதும், சாமி. மேலயே வெச்சுக்கோங்க. உங்களுக்கே குடுத்துட்டேன். மன்னோவைக் கூப்பிட்டு எழுதியும் தர்றேன்."

அக்கோர்சோவின் முழங்கால்கள் அந்த வார்த்தையைக் கேட்டு அங்கேயே சந்தோஷப்பட்டன. கொப்பரையை மேலே கொண்டுபோய் மாட்டி, திருப்பி வைத்து, இனி இறக்கவே வேண்டாம். ஆசை தொண்டை வரை வந்தது. அதனால்தான் அவர் பயந்தார்.

"வேண்டாம், தம்பி," என்றார். "குடுத்தீங்கன்னா எனக்குப் பழைய புத்தி வந்துடும். இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுபடியும் முடியாதுன்னுடுவேன். என்னை எனக்குத் தெரியும். அது உங்களோடதாவே இருக்கட்டும்."

"அப்போ தினம் நான் எழுந்திரிக்கணுமா?"

"தினம் நான் கேட்கணும்."

வன்னுச்சோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெறும் காலோடு ஈரக் கல்லில் நிற்கிறவனிடம் இந்த நியாயமெல்லாம் எடுபடாது. "அப்படின்னா இன்னைக்கு முடியாது," என்றான். "என்னோடது. குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் வாக்குவாதத்துக்குத் தயாராக நின்றான். அறுபது பேர் பட்டினி என்பார், பாவம் என்பார், கிணற்றடியைத் துணைக்கு அழைப்பார். அக்கோர்சோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரிங்க. நாளைக்கு வர்றேன்," என்றார். வெறும் கையோடு திரும்பி மழையில் ஏறத் தொடங்கினார்.

அந்த ஏற்றத்தில் முதுகில் கனம் இல்லை. அதுவே தாங்கமுடியாமல் இருந்தது. முப்பது வருஷமாகப் பிச்சை கேட்டிருக்கிறார், எத்தனையோ கதவு மூடியிருக்கிறது. ஆனால் அடுத்த கதவு உண்டு என்று எப்போதும் தெரியும். ஒருவன் 'முடியாது' என்றால் தன் அடுப்பே அணைந்துபோகும் என்ற நிலையில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. வாசலில் நிற்கிற அறுபது பேரும் தினம் தன்னை எதிர்பார்த்து அப்படித்தான் நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவர் அழுதார். மழையாக இருந்தது வசதியாயிற்று.

மடத்தில் விஷயத்தைச் சொன்னார். யாரும் திட்டவில்லை. இருந்த ரொட்டியையெல்லாம் மெல்லிய துண்டாக நறுக்கி, சின்னச் சட்டிகள் இரண்டிலும் வெங்காயக் கஞ்சி வைத்து, வயதானவர்களுக்கும் குழந்தைக்காரிகளுக்கும் முதலில் கொடுத்தார்கள். வரிசையில் முக்கால்வாசிப் பேருக்குத் துண்டு ரொட்டிதான். ருஸ்திகோ தன் பங்கை ஒன்றும் பேசாமல் ஒரு குருடனின் கையில் வைத்தார். அக்கோர்சோ ஒளியாமல் வாசலிலேயே நின்று, இன்றைக்கு இல்லை, இன்றைக்கு இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். மதிய மணி அடிக்கிற நேரம். யாரும் கலைந்து போகவில்லை, மழையும் விடவில்லை.

அப்போது பாதைத் திருப்பத்தில் கல்லில் செம்பு இடிக்கிற சத்தம் கேட்டது. கொப்பரையை முதுகில் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து, மூச்சிரைக்க வன்னுச்சோ ஏறிவந்து கொண்டிருந்தான். கழுதையை ஏன் விட்டுவந்தான் என்பது அவனுக்கே தெரியாது. வரிசை விலகி வழிவிட்டது. அவன் நேரே சமையல்கட்டுக்குள் போய், கொப்பரையை இறக்கிவைத்து, முழங்காலில் கையூன்றிக் கொஞ்ச நேரம் நின்றான்.

"நான் அன்னைக்கு ஒரு மணி நேரம் கெஞ்சினேன்," என்றான், நிமிராமலே. "நீங்க இன்னைக்கு ஒரு வார்த்தைகூடக் கெஞ்சாமப் போயிட்டீங்க. காலையிலேர்ந்து வாயில எதுவும் இறங்கலை, சாமி."

அக்கோர்சோ அவன் பின்னாலேயே உள்ளே வந்திருந்தார். அடுப்பில் விறகை அடுக்கினார்.

"எங்க மாட்டறது?"

"உங்க கொப்பரை. நீங்களே மாட்டுங்க."

வன்னுச்சோ தூக்கிச் சங்கிலிக் கொக்கியில் மாட்டினான். பழக்கமில்லாத கை. கொப்பரை ஒருபக்கம் சாய்ந்து, நசுங்கல் வாசலைப் பார்த்தபடி, வரிசையில் நின்ற எல்லாரும் பார்க்கும்படி தொங்கியது. அக்கோர்சோ அதைப் பார்த்தார். கை அசையவில்லை. அவர் குனிந்து நெருப்பை மூட்டினார், பிறகு தண்ணீர் மொண்டுவரப் போனார்.